மிரி: பாயிண்டரை எண்ணாக்கும் நிரலுக்கு ஒரு கண்டிப்பான பரிசோதகர்

ரஸ்ட் நிரல்மொழியில் அன்சேஃப் நிரல், அதாவது கம்பைலரின் பாதுகாப்புச் சோதனைகளில் சிலவற்றைத் தாண்டிப் போகும் நிரல், எழுதுபவரா நீங்கள்? அதில் எங்காவது ஒரு பாயிண்டரை (மெமரியில் ஓர் இடத்தைச் சுட்டும் மதிப்பை) யூசைஸ் என்ற எண் வகையாக்கி, அதன் பிட்டுகளில் எதையாவது செருகி, திரும்பவும் பாயிண்டராக்கும் வேலை இருக்கிறதா? அப்படியென்றால் மிரியில் ஓட்டிப் பார்க்காமல் அதை வெளியே அனுப்பாதீர்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்பதையும், இந்தக் கருவியின் குறைகளையும் கீழே எழுதுகிறேன். குறைகளில் சில பெரியவை, மறைக்க ஒன்றுமில்லை.

மிரி ரஸ்ட் திட்டத்தின் சொந்தக் கருவி. காசு கிடையாது, மூல நிரலோடு கிடைக்கிறது. கனடாவின் சஸ்காட்சவான் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஓல்சன் தொடங்கியது, பிறகு ஆலிவர் ஷெரர், ரால்ஃப் யுங் போன்றவர்களின் கையில் பெரிதாக வளர்ந்தது. ரஸ்ட் கம்பைலர் நம் நிரலை மெஷின் கோட் ஆக்கும் வழியில் எம்ஐஆர் என்ற ஒரு இடைநிலை வடிவத்துக்கு மாற்றும், மிரி அந்த இடத்திலேயே நிறுத்தி, எம்ஐஆரை ஒவ்வொரு படியாகத் தானே ஓட்டிப் பார்க்கும். நிஜ மெமரியில் ஓடுவதில்லை என்பதால் சிபியூ கண்டுகொள்ளாமல் விடுகிற தப்பையெல்லாம் இது பிடிக்கிறது. நைட்லி ரஸ்ட் (தினமும் வரும் சோதனைப் பதிப்பு) வேண்டும், ரஸ்ட்அப் என்ற நிறுவும் கருவி வழியாக மிரி என்ற பாகத்தைச் சேர்த்துவிட்டு, வழக்கமான கார்கோ டெஸ்ட் கட்டளைக்குப் பதிலாக கார்கோ மிரி டெஸ்ட் என்று அடித்தால் போதும். வேறு ஏதாவது தேவைப்பட்டால் முதல் ஓட்டத்தில் அதுவே கேட்டு நிறுவிக்கொள்ளும்.

சரி, இவ்வளவு மெனக்கெட வேண்டிய அளவுக்கு என்ன ஆபத்து?

பாயிண்டர் என்பது வெறும் 64 பிட் எண்தானே என்றுதான் நம்மில் பெரும்பாலோர் படித்து வந்திருக்கிறோம். சாதாரண சிபியூவைப் பொறுத்தவரை அது சரி. கம்பைலரைப் பொறுத்தவரை சரியில்லை, சி மொழியிலும் சரியில்லை, ரஸ்டிலும் சரியில்லை. ஒரு வீட்டின் முகவரி தெரிந்தால் மட்டும் அந்த வீடு நம்முடையதாகிவிடாது, பத்திரம் நம் பெயரில் இருக்க வேண்டும். பாயிண்டரிலும் அட்ரஸ் ஒன்று, அந்த அட்ரஸில் உள்ள மெமரியைத் தொடும் உரிமை இன்னொன்று. எந்த அலோகேஷனிலிருந்து, அதாவது நிரலுக்கு ஒதுக்கப்பட்ட எந்த மெமரித் துண்டிலிருந்து, இந்தப் பாயிண்டர் பிறந்தது என்பதில்தான் அந்த உரிமை இருக்கிறது. இதற்குப் புரொவெனன்ஸ் என்று பெயர். எண்ணாக மாற்றும் நொடியில் அட்ரஸ் மட்டும் மிஞ்சுகிறது, மற்றது உதிர்ந்துவிடுகிறது.

இது ஏதோ ஆராய்ச்சிக் கட்டுரைக் கவலை என்று நினைப்பவர்களுக்கு ரால்ஃப் யுங் 2020ல் காட்டிய சி உதாரணத்தைச் சொல்கிறேன், எனக்கு இந்த விஷயம் முழுதாக உறைத்தது அதைப் படித்தபோதுதான். ஒரே ஒரு பைட் கொண்ட இரண்டு அரேக்கள், பி என்றும் க்யூ என்றும். க்யூவில் இருப்பது 0. பி முடிந்த இடத்துக்கு அடுத்த அட்ரஸை ஓர் எண்ணாக எடுக்கிறோம், க்யூ தொடங்கும் அட்ரஸை இன்னோர் எண்ணாக எடுக்கிறோம். இரண்டு எண்ணும் சமம் என்றால், அதாவது மெமரியில் இரண்டு அரேயும் ஒட்டி அமைந்திருந்தால், க்யூவின் எண்ணை பாயிண்டராக்கி அங்கே 10 என்று எழுதுகிறோம். பிறகு க்யூவைப் படிக்கிறோம். வர வேண்டியது 10. ஆனால் கம்பைலரின் ஆப்டிமைசர் என்ன செய்கிறது? இரண்டு எண்ணும் சமம்தானே என்று ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடுகிறது. அப்புறம், பாயிண்டரை எண்ணாக்கித் திரும்பப் பாயிண்டராக்குவது வீண் சுற்று என்று அந்தச் சுற்றை நீக்குகிறது. இப்போது எழுதுவது பி வழியாக நடப்பதாக ஆகிவிட்டது. பி வழியாக எழுதினால் க்யூ மாற முடியாதே என்று மூன்றாவது படி முடிவு செய்து, க்யூவைப் படிக்கும் இடத்தில் நேரடியாக 0 என்று போட்டுவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் ஞாயமான வேலை. சேர்ந்தால் விடை தப்பு. அவர் கை காட்டியது நடுவில் உள்ள படியை, அந்த வீண் சுற்றை நீக்கும் படியை. அது வீணான சுற்று இல்லை, அதில் ஏதோ ஒன்று தொலைகிறது என்பதுதான் விஷயத்தின் சாரம்.

இந்த மாதிரித் தவறை வேறு கருவிகள் பிடிக்காதா என்று கேட்பீர்கள். மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் எனக்கு மிகவும் பிடித்த கருவி, 2012ல் கூகுளில் இருந்து அதைப் பற்றிய கட்டுரை வந்தது, மெமரியின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் அதன் நிலையைக் குறிக்க 1 நிழல் பைட் வைத்துக்கொண்டு ஏறக்குறைய 2 மடங்கு மந்தத்தில் ஓடுகிறது, அந்த விலைக்கு அது தருவது மிக அதிகம். ஆனால் அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த அட்ரஸ் இப்போது உயிரோடு இருக்கிறதா? ஓர் அலோகேஷனின் எல்லையைத் தாண்டி, நடுவில் உள்ள காவல் இடத்தையும் தாண்டி, இன்னோர் உயிருள்ள அலோகேஷனுக்குள் போய் விழுந்தால் அது பேசாமல் விட்டுவிடும். எண்ணாக்கிக் கணக்குப் போடும் நிரலில் இப்படித் தாவி விழுவதுதான் அதிகம் நடக்கும். இன்னொரு மெமரி சோதனைக் கருவியான வால்கிரைண்டும் அப்படித்தான்.

மிரி வேறு மாதிரி. அதனுள் ஒரு பாயிண்டர் என்பது எந்த அலோகேஷன், அதில் எத்தனையாவது பைட், எந்தக் கடன் (ரஸ்டில் ஒரு தரவைத் தற்காலிகமாகப் பார்க்கவோ மாற்றவோ எடுக்கும் அனுமதி) வழியாக வந்தது என்ற விவரங்களின் தொகுப்பு. பாயிண்டரை மெமரியில் சேமித்தால் அந்த பைட்டுகளோடு இந்த விவரமும் போகும். எண்ணுக்கு அந்த விவரம் எதுவும் கிடையாது. ஆகவே ஓர் எண்ணிலிருந்து உருவான பாயிண்டரை டீரெஃபரன்ஸ் செய்தால், அதாவது அது சுட்டும் இடத்தைத் தொட்டால், அட்ரஸ் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அதற்கு உரிமை எங்கிருந்து வந்தது என்று மிரி கேட்கும். பதில் இல்லையென்றால் ஓட்டம் அங்கேயே நிற்கும்.

எப்படி நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழைச் செய்திகள்தான் இதன் சிறப்பே. இந்த வரியில் வரையறுக்கப்படாத நடத்தை நிகழ்ந்தது, இந்தப் பாயிண்டருக்குப் புரொவெனன்ஸ் இல்லை என்று ரஸ்ட் கம்பைலரின் அதே பாணியில், வரியைக் கோடிட்டுக் காட்டிச் சொல்கிறது. விடுவிக்கப்பட்ட மெமரி என்றால் எங்கே அலோகேட் ஆனது, எங்கே விடுவிக்கப்பட்டது என்று இரண்டு இடத்தையும் காட்டும். கடன் விதி மீறல் என்றால் அந்தக் கடனுக்கு மிரி வைத்த குறி எந்த வரியில் பிறந்தது, எந்த வரியில் செல்லாமல் போனது என்று காட்டும். செக்ஃபால்ட் (தவறான மெமரியைத் தொட்டு நிரல் விழுவது) ஒன்றை வைத்துக்கொண்டு ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியில் உட்கார்ந்து பின்னோக்கித் தேடிப் பழகிய ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். சும்மா ஓட்டினால், ஆஸ் என்ற வகை மாற்றும் சொல்லைப் போட்டு எண்ணைப் பாயிண்டராக்கும் இடத்தில் மிரி எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு, இது சரியாக இருக்கலாம் என்று நம்பி மேலே போகும். அந்த எச்சரிக்கையில் நிறுத்திவிடாதீர்கள். மிரிஃப்ளாக்ஸ் என்ற சூழல் மாறியில் ஸ்ட்ரிக்ட் புரொவெனன்ஸ் கொடியை (ஃபிளாக்) போட்டு ஓட்டுங்கள், அந்த இடமெல்லாம் பிழையாக வந்து நிற்கும். முதல் தடவை பட்டியல் நீளமாக வரும், வரட்டும்.

அடுத்து அந்தப் பட்டியலைத் தீர்ப்பது எப்படி? இங்கேதான் கருவியும் மொழியும் கைகோத்து வந்திருக்கின்றன. 2022ல் அரியா பெய்ங்கெஸ்னர் ஒரு சோதனையாகத் தொடங்கிய ஸ்ட்ரிக்ட் புரொவெனன்ஸ் ஃபங்ஷன்கள் 2025 ஜனவரியில் ரஸ்ட் 1.84ல் நிலையான பகுதியாகிவிட்டன. நைட்லி இல்லாமலே இவற்றைப் பயன்படுத்தலாம், நைட்லி மிரிக்கு மட்டும்தான்.

மிகப் பொதுவான வேலையை எடுத்துக்கொள்வோம். 8 பைட் அலைன்மென்ட் உள்ள, அதாவது அட்ரஸ் எப்போதும் 8ன் மடங்காக இருக்கும், பாயிண்டரின் கடைசி 3 பிட்டும் எப்போதும் 0, அங்கே ஒரு குறியை ஒளித்து வைப்பது பழைய நல்ல உத்தி. லினக்ஸ் கெர்னலின் ரெட் பிளாக் மரம் என்ற தரவு அமைப்பு தாய்க் கணுவின் பாயிண்டரிலேயே நிறத்தையும் வைத்திருக்கிறது. இதை ரஸ்டில் பழைய முறையில் எழுதினால் யூசைஸ் ஆக்கி, ஆர் (பிட்டைச் சேர்க்கும் செயல்) போட்டு, திரும்ப ஆஸ் போட வேண்டும். புதிய முறையில் மேப்_அட்ரஸ் என்று ஒரு ஃபங்ஷன். பாயிண்டரை அப்படியே வைத்துக்கொண்டு அதன் அட்ரஸ் பகுதியை மட்டும் நாம் கொடுக்கும் கணக்குக்கு அனுப்பி, வந்த விடையைப் பழைய உரிமையோடு சேர்த்துப் புதுப் பாயிண்டராகத் தருகிறது. வித்_அட்ரஸ் என்று இன்னொன்று, எண் ஏற்கெனவே கையில் இருந்தால் அதற்கு. வெறும் அட்ரஸைப் பார்த்து ஒப்பிடவோ அலைன்மென்ட் சோதிக்கவோ வேண்டுமென்றால் அட்ரஸை மட்டும் எடுக்கும் ஃபங்ஷன் போதும். எதையும் சுட்டாத, அடையாளத்துக்கு மட்டும் பயன்படுகிற போலிப் பாயிண்டர் வேண்டுமென்றால் வித்அவுட்_புரொவெனன்ஸ். பெயரைப் படித்தாலே அடுத்து வருபவருக்கு நோக்கம் புரிந்துவிடுகிறது. ஆஸ் என்ற இரண்டெழுத்துக்குள் இத்தனை வேறு வேறு வேலைகள் ஒளிந்திருந்தன என்பதே இவற்றைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

பட்டியலில் பாதி இந்த ஒரு மேப்_அட்ரஸிலேயே தீர்ந்துவிடும். மிச்சத்தில் பெரும்பகுதி, பாயிண்டரை அட்டாமிக் யூசைஸில் (பல த்ரெட்டுகள் பாதுகாப்பாகப் பகிரும் எண் வகையில்) வைத்திருக்கும் இடங்களாக இருக்கும். அதை அட்டாமிக் பாயிண்டருக்கு மாற்ற வேண்டும். முன்பு இது தலைவலியாக இருந்தது, பிட்டை மாற்ற ஒப்பிட்டு மாற்றும் சுழற்சி ஒன்றை நாமே எழுத வேண்டியிருந்தது. ரஸ்ட் 1.91ல் அட்டாமிக் பாயிண்டருக்கே பிட் வேலைகள் வந்துவிட்டன, நிம்மதி.

பைட்ஸ் என்ற பரவலான கிரேட்டை (ரஸ்ட் நூலகத்தை) பார்த்தால் இந்த மாற்றத்தின் வரலாறே தெரியும். அது தன் பாயிண்டரின் கடைசி பிட்டில் வகையைக் குறித்து வைக்கிறது. இந்த ஃபங்ஷன்கள் வருவதற்கு முன்பே மிரிக்கென்று தனியாக ஒரு சிறு வழி எழுதி வைத்தார்கள். பழைய அட்ரஸ், புதிய அட்ரஸ் இரண்டின் வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, மூலப் பாயிண்டரை அத்தனை பைட் நகர்த்துவது. எண்ணிலிருந்து பாயிண்டர் பிறப்பதே இல்லை, பாயிண்டரிலிருந்துதான் பாயிண்டர் பிறக்கிறது. பழைய ரஸ்ட் பதிப்புகளோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் இதே வழியை இன்றும் பின்பற்றலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஆஸ் போடுவதும் டிரான்ஸ்மியூட் செய்வதும் (பிட்டுகளை அப்படியே வேறு வகையாக எடுத்துக்கொள்வதும்) ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. ஆஸ் போட்டு எண்ணாக்கினால் அந்த அலோகேஷனின் உரிமை வெளிப்படுத்தப்பட்டதாக ரஸ்ட் குறித்துக்கொள்கிறது, பிறகு ஒரு எண்ணை ஆஸ் போட்டுப் பாயிண்டராக்கும்போது வெளிப்படுத்தப்பட்டவற்றில் பொருந்துவது எதுவோ அதன் உரிமை கிடைக்கும். டிரான்ஸ்மியூட்டில் அந்தக் குறிப்பு எதுவும் நடக்காது, திரும்ப வரும் பாயிண்டருக்கு உரிமையே இருக்காது. ஒரே இடத்தைப் பல வகையாகப் படிக்கவிடும் யூனியன் வழியாகப் படிப்பதும், பாயிண்டரின் பைட்டுகளை எண் அரேயில் நகல் எடுத்துத் திரும்ப ஒட்டுவதும் இதே கதைதான். சியிலிருந்து பெயர்த்தெழுதிய பழைய நிரல்களில் இது நிறையக் கிடக்கும், சாதாரணமாக ஓட்டும்போது பெரும்பாலும் வெடிக்காது. மிரியில் ஓட்டிய உடனே நிற்கும்.

வெளிப்படுத்தும் வழியையே முழுதாகத் தடை செய்ய முடியாது என்பதும் உண்மை. எக்ஸார் லிங்க்டு லிஸ்ட் மாதிரி இரண்டு அட்ரஸைக் கலந்து ஒரே எண்ணாக வைக்கும் வேலைக்கு எக்ஸ்போஸ்_புரொவெனன்ஸ், வித்_எக்ஸ்போஸ்டு_புரொவெனன்ஸ் என்ற ஜோடிதான் கதி. மைக்ரோகண்ட்ரோலரில் நிலையான அட்ரஸில் இருக்கும் ரெஜிஸ்டரைத் தொடவும் அதுவேதான், ரஸ்ட் ஆவணமும் அந்த வேலைக்கு இதைத்தான் காட்டுகிறது. ஆஸ் செய்வதையே இவையும் செய்கின்றன, ஆனாலும் நீளமான பெயரை எழுதுங்கள் என்பேன். பின்னால் தேடும்போது ஒரே தேடலில் அத்தனை இடமும் கிடைக்கும்.

இனி குறைகள்.

மந்தம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல முடியாது. சாதாரணமாகக் கண் இமைக்கும் நேரத்தில் முடியும் டெஸ்ட் இங்கே நிமிடக்கணக்கில் ஓடும். லட்சம் தடவை சுற்றும் லூப் இருந்தால் மறந்துவிட வேண்டியதுதான். மிரியில் ஓடும்போது மட்டும் சுற்றுகளைக் குறைக்கும்படி நிரலில் ஒரு நிபந்தனை போடலாம், கனமான டெஸ்ட்டைத் தவிர்க்கச் சொல்லலாம். அதற்காக டெஸ்ட்டுகளை அலசிப் பிரிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது.

இன்னும் பெரிய குறை, சி நூலகத்தை அழைக்கும் இடம் வந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நேட்டிவ் நூலகத்தை அழைக்க ஒரு சோதனை வசதி இருக்கிறது, அதை நம்பி இப்போதைக்குத் திட்டம் போட முடியாது. இன்லைன் அசெம்ப்ளி ஓடாது. நிஜ ஹார்டுவேரைத் தொடும் எதுவும் ஓடாது. டிரைவர் எழுதுபவர்களும் கெர்னல் எழுதுபவர்களும் இதைப் படித்துவிட்டு, பாயிண்டரை எண்ணாக்கும் வேலை எங்களுக்குத்தானே அதிகம், எங்களுக்கே உதவாதா என்று கேட்டால், கோபம் ஞாயமானது. நான் பரிந்துரைப்பது, பிட் வேலை செய்யும் பகுதியையும் தரவு அமைப்பையும் ஹார்டுவேரைத் தொடாத தனி கிரேட்டாகப் பிரித்து, அதை மட்டும் மிரியில் ஓட்டுவது. பிரிக்க முடியாத பழைய நிரலுக்கு இந்த ஆலோசனை செலவு பிடித்தது என்பதும் தெரியும்.

மூன்றாவது, ஓடிய பாதையை மட்டும்தான் இது பார்க்கும். டெஸ்ட் தொடாத கிளையில் என்ன இருந்தாலும் இதற்குத் தெரியாது. பச்சை விளக்கு எரிந்தால் நிரல் சுத்தம் என்று யாரும் அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அலோகேஷனின் அட்ரஸையும் த்ரெட்டுகளின் வரிசையையும் மிரி ஒரு விதை எண்ணை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறது, மெனி சீட்ஸ் கொடி போட்டால் 64 வெவ்வேறு விதைகளில் ஓட்டிப் பார்க்கும். அலைன்மென்ட் தற்செயலாகச் சரியாக அமைந்து தப்பிப்பதைப் பிடிக்க சிம்பாலிக் அலைன்மென்ட் என்று இன்னொரு கொடி. பாயிண்டர் பிட் வேலை இருக்கும் இடத்தில் இரண்டையும் போட்டுவிடுங்கள்.

அகலம் பற்றிய தவறுகளுக்கு மிரி பாதி உதவிதான் செய்கிறது. 64 பிட் அட்ரஸை 32 பிட் எண்ணில் போட்டு மேல்பாதி வெட்டுப்படுவதை, அது வெட்டுப்பட்ட இடத்தில் இது சொல்லாது, பிறகு அந்த எண்ணைப் பாயிண்டராக்கித் தொடும்போதுதான் சொல்லும். அதற்கு ரஸ்டின் இன்னொரு சோதனைக் கருவியான கிளிப்பியின் எச்சரிக்கைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சியில் பாயிண்டரை லாங் வகையில் வைத்து எழுதிய லினக்ஸ் நிரலை 64 பிட் விண்டோஸுக்குக் கொண்டுபோனவர்களுக்கு இந்த வலி தெரியும், அங்கே லாங் 32 பிட்தான். ஆனால் மிரியின் ஒரு வசதி இங்கே அபாரம். 64 பிட் லினக்ஸ் கணினியில் உட்கார்ந்துகொண்டே 32 பிட் ஐ686 இலக்குக்கும், பைட் வரிசை தலைகீழான எஸ்390எக்ஸ் இலக்குக்கும் ஒரு கொடி மாற்றி ஓட்டலாம். எமுலேட்டர் வேண்டாம், போர்டு வேண்டாம். பாயிண்டர் எப்போதும் 8 பைட் என்று எங்காவது நம்பி எழுதியிருந்தால் ஐ686 ஓட்டத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

சி மட்டும் எழுதுபவர்களுக்கு இதே தரத்தில் கையில் எடுத்து ஓட்டக்கூடிய ஒன்றைக் காட்ட என்னால் முடியவில்லை, அது வருத்தம்தான். கேம்பிரிட்ஜின் செர்பரஸ் சி மொழியின் பொருளையே ஆராயும் அருமையான வேலை, அன்றாடத் திட்டத்தில் ஓட்டுவதற்கென்று செய்ததில்லை. ஜிசிசி என்ற சி கம்பைலரின் ஆவணம் இதை ஒரே வாக்கியத்தில் சொல்கிறது: எண்ணாக்கித் திரும்பப் பாயிண்டராக்கினால், அது மூலப் பாயிண்டர் சுட்டிய அதே பொருளைத்தான் சுட்ட வேண்டும், இல்லையென்றால் நடத்தை வரையறுக்கப்படாதது. சியில் இருப்பவர்கள் பாயிண்டரை வைக்கவென்றே உள்ள யூஇன்ட்பிடிஆர்_டி தவிர வேறு எந்த எண் வகையிலும் பாயிண்டரை வைக்காமலாவது இருக்கலாம்.

எல்லாம் சாஃப்ட்வேர் கட்டுப்பாடுதானே, சிபியூ கண்டுகொள்ளாதே என்பவர்களுக்கு செரி என்ற ஹார்டுவேர் திட்டத்தைக் காட்டுகிறேன். கேம்பிரிட்ஜும் எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனலும் 2010ல் தொடங்கிய திட்டம், அதை வைத்து ஆர்ம் நிறுவனம் மொரெல்லோ என்ற சோதனை போர்டை 2022ல் வெளியிட்டது. அதில் 64 பிட் அட்ரஸுக்கு 128 பிட் பாயிண்டர், எல்லையும் அனுமதியும் அதற்குள்ளேயே, கூடவே வெளியே தெரியாத ஒரு செல்லுபடிக் குறி. சாதாரண எண்ணை எடுத்துப் பாயிண்டராக்கினால் அந்தக் குறி இருக்காது, தொட்டவுடன் ஹார்டுவேரே தடுக்கும். மேப்_அட்ரஸ் வழியில் எழுதிய நிரலுக்கு அங்கேயும் இடம் உண்டு, உரிமை பாயிண்டரோடு கூடவே போகிறது. ஆஸ் போட்டு எழுதிய நிரலை அங்கே கொண்டுபோக மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

மதிப்பெண் கேட்டால் 5க்கு 4.5 கொடுப்பேன், சி நூலகங்களோடு ஒட்டாததற்கு அரை குறைத்தேன். ஏற்கெனவே சிஐ (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு) வைத்திருப்பவர்கள் மிரியைத் தனி வேலையாகச் சேர்த்து, ஸ்ட்ரிக்ட் புரொவெனன்ஸ் கொடியோடு ஒன்று, ஐ686 இலக்கோடு ஒன்று என்று ஓட்டலாம். நைட்லி பதிப்பை ஒரு தேதியில் நிறுத்தி வையுங்கள். நைட்லி தினமும் மாறுவது, ஏதாவது மாறிய அன்றைக்கு பில்ட் காரணமில்லாமல் உடையலாம்.